தொடர்ந்து நடப்போம், இருதயத்தைக் காப்போம்



நம் ஊர்களில் அண்மைக் காலமாக ஜனாஸா அறிவித்தல்களைக் கேட்கும்போது ஒரு விடயத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். "திடீரென நெஞ்சு வலித்தது, வைத்தியசாலைக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது" என்ற செய்தி அடிக்கடி காதில் விழுகின்றது. இறந்தவரின் வயதைக் கேட்டால் 50, 55 என்கிறார்கள். சில வேளைகளில் அதனிலும் குறைவு. மரணம் இறைவனின் நாட்டப்படி வருவது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உடல் என்னும் அமானிதத்தை நாம் எவ்வாறு பேணினோம் என்ற கேள்வி நம்மைச் சார்ந்ததே. அந்தக் கேள்வியின் ஒரு பகுதியாகிய தேகாப்பியாசத்தைப் பற்றி, குறிப்பாக அதை இடைவிடாது தொடர்வதைப் பற்றி இங்கு சிந்திப்போம்.

ஏன் இது வன்னி மக்களுக்கு அவசரமான விடயம்?

இலங்கையில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுபவை. அவற்றுள் இருதய நோயும் பாரிசவாதமும் முன்னிற்கின்றன. 2015ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் உயர் குருதியமுக்கம் உடையவர் என்றும், பத்துப் பேரில் மூவர் போதிய உடலசைவு இன்றி வாழ்கின்றனர் என்றும் காட்டியது. இக்குறைபாடு ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகமாக இருந்தது.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' என்னும் பேராய்வில் இலங்கையும் ஒரு நாடாக இடம்பெற்றது. புகைத்தல், கொலஸ்திரோல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறி பழங்களைத் தவிர்த்தல், மதுப்பழக்கத்தின் தன்மை, உடலசைவின்மை ஆகிய ஒன்பது காரணிகளே உலகெங்கும் முதலாவது மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்குகின்றன என்பது அதன் முடிவு. அதே ஆய்வின் தரவுகளிலிருந்து 2007இல் தெற்காசியர் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியாயிற்று. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனையோருக்கு அது ஏறத்தாழ 59 என்றும் அது கூறியது. நோயற்றவர்களை ஒப்பிட்டபோது, ஒழுங்காகத் தேகாப்பியாசம் செய்தோர் தெற்காசியரில் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. பிற நாட்டவரில் அது 22 பேர் அளவில் இருந்தது. நாம் ஆறு ஆண்டுகள் முந்தி நோயாளியாவதற்குரிய காரணங்களில் ஒன்று இங்கே தெளிவாகத் தெரிகின்றது அல்லவா?

இதனோடு நமது சொந்த வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 70,000 முஸ்லிம்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்களும் இருந்தனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா போன்ற ஊர்களின் குடும்பங்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அன்று 20 வயது இளைஞராகக் கையில் ஒரு பையுடன் வெளியேறியவர் இன்று 55 வயதை எட்டிவிட்டார். அவர்தாம் இன்று நம் வீட்டின் வாப்பா, நம் பள்ளிவாசலின் நிருவாகி, நம் கடைத்தெருவின் வியாபாரி. 2009க்குப் பின்னர் காடு வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் வீடு கட்டி, பிள்ளைகளை ஊரில் நிலைநிறுத்திய அத்தலைமுறை இப்பொழுது மாரடைப்பின் வயதுக்குள் நுழைந்திருக்கின்றது. அவர்கள் இழந்தவை போதும். மீண்டும் கிடைத்த மண்ணில் அவர்கள் நெடுநாள் வாழ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னியில் இருந்த மக்களின் கதையும் இதற்கு ஒத்ததே. போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் வன்னி முழுவதும் துவிச்சக்கரவண்டியில் இயங்கியது. விறகும் நெல்லும் நோயாளியும் அதிலேயே சென்றன. அந்த வாழ்வின் துயரத்தை யாரும் விரும்பமாட்டோம். எனினும் உடல் அன்று ஓயாது உழைத்தது என்பது உண்மை. இன்று ஏ-9 வீதி திறந்து கிடக்கின்றது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வாசலில் நிற்கின்றன. நீரிறைக்க மின்மோட்டர், உழுவதற்கு உழவு இயந்திரம், அறுவடைக்கும் இயந்திரம். உண்ணும் சோற்றின் அளவோ அன்று வயலில் உழைத்தவன் உண்ட அளவிலேயே இருக்கின்றது. இந்த இடைவெளிக்குள்ளேதான் நோய் புகுகின்றது.

தேகாப்பியாசம் இருதயத்துக்கு என்ன செய்கின்றது?

1953ஆம் ஆண்டு ஜெரி மொரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவ அறிஞர் லண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. சாரதி நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ இரண்டு தட்டுப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆயினும் சாரதிகளைவிட நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாகவும், வந்தாலும் உயிராபத்துக் குறைந்ததாகவும் காணப்பட்டது. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்று வரை அதே திசையில் சான்றுகளைக் குவித்து வருகின்றது. அம்முடிவைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்த மொரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

நாம் வேகமாக நடக்கும்போது தசைகள் அதிக குருதியைக் கேட்கின்றன. குருதி விரைந்தோடும்போது நாடிகளின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் பொருளைச் சுரந்து அந்நாடிகளை விரியச் செய்கின்றது. இதனால் குருதியமுக்கம் இறங்குகின்றது. தசைகள் குருதியிலுள்ள சீனியை இழுத்துப் பயன்படுத்துவதால் நீரிழிவின் ஆபத்தும் தணிகின்றது. நாளடைவில் இருதயம் குறைந்த துடிப்பில் நிறைந்த வேலையைச் செய்யப் பழகிக்கொள்கின்றது. உயர் குருதியமுக்கம் உடையவர் ஒழுங்காக நடந்துவரின் அவரது மேல் அளவு 5 முதல் 8 வரை குறையலாம். மாரடைப்பு ஏற்பட்டுத் தப்பியவர்கள் மேற்பார்வையுடன் கூடிய தேகாப்பியாசத் திட்டத்தில் சேர்ந்தபோது, இருதய நோயால் இறப்பதற்குரிய ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகின்றது.

ஆனால் ஒரு முக்கிய விடயத்தை நினைவில் இருத்துங்கள். இந்தப் பயன்களைச் சேமித்து வைக்க இயலாது. ஒருமுறை நடந்ததால் இறங்கும் குருதியமுக்கம் ஏறத்தாழ ஒரு நாள் வரைக்குமே இறங்கி நிற்கும். சீனியை உள்ளிழுக்கும் தசையின் ஆற்றல் இரண்டு மூன்று நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பும். சில வாரங்கள் முற்றாக நிறுத்தினால் இருதயம் பெற்ற வலிமையும் தேயத் தொடங்கும். பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டத்தில் சிறந்து விளங்கினேன் என்று 45 வயதில் பெருமை கூறுவதால் நாடிகளுக்குப் பயன் எதுவுமில்லை. நேற்று உண்ட உணவு இன்றைய பசியைத் தீர்க்காதது போன்றதே இதுவும்.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோர் ஒவ்வொருவரும் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை நடுத்தர அளவிலான உடலசைவில் ஈடுபட வேண்டும். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சியாயின் 75 முதல் 150 நிமிடங்கள் போதும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கோ நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் தேவை. முன்னர் ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்றிருந்த நிபந்தனை இவ்வழிகாட்டலில் நீக்கப்பட்டுவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

நடுத்தர அளவு என்பதை அறிய எளிய சோதனை உண்டு. நடக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் ராகமெடுத்துப் பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அவ்வளவே.

"நாம் ஐவேளை தொழுகின்றோம், அதுவே தேகாப்பியாசம் அல்லவா?" என்று சிலர் வினவுவதுண்டு. தொழுகை வணக்கம். அதன் நோக்கம் வேறு. குனிவதும் நிமிர்வதும் அமர்ந்து எழுவதும் மூட்டுகளுக்கும் முதுகுக்கும் நன்மை தருகின்றன என்பது உண்மையே. எனினும் அமைதியாகவும் நிதானமாகவும் நிறைவேற்றப்படும் தொழுகை இருதயத் துடிப்பை மேற்சொன்ன அளவுக்கு உயர்த்துவதில்லை. ஆகவே அது நடைப்பயிற்சிக்கு மாற்றீடு ஆகாது. ஆனால் தொழுகைக்குச் செல்லும் பாதை அந்த மாற்றீட்டைத் தரக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசல் 500 மீற்றர் தூரமென வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு சுபஹுக்கும் இஷாவுக்கும் நடந்து சென்று திரும்பினால் நாளொன்றுக்கு 2 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 12 நிமிடம் என்ற வேகத்தில் அது 24 நிமிடம். ஏழு நாட்களுக்கு 168 நிமிடம்! உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இதற்கெனத் தனியாக நேரமும் பணமும் செலவாகவில்லை.

தொடங்கியவர் ஏன் நிறுத்திவிடுகின்றார்?

வைத்தியர் எச்சரித்த மறுநாள் புதிய சப்பாத்து வாங்கி நடக்கத் தொடங்குவோர் பலர். மூன்றாவது வாரத்தில் மழை வருகின்றது, அல்லது ஒரு கலியாண வீடு வருகின்றது, அல்லது வியாபாரம் மும்முரமாகின்றது. இரண்டு நாள் விடுபட்டதும் சப்பாத்து கட்டிலுக்கடியில் போய்விடுகின்றது. இது நம்மூருக்கு மட்டும் உரிய பலவீனமன்று. தேகாப்பியாசத் திட்டங்களில் சேர்வோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடுகின்றனர் என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட உண்மை. எனவே நின்றுவிட்டவரைச் சோம்பேறி என்று ஏசுவதால் பயனில்லை. எவ்வகையான ஏற்பாடு ஒருவரைத் தொடரச் செய்கின்றது என்று கேட்பதே அறிவுடைமை. இதற்கு நம் நாட்டிலும் அயலிலும் நடந்த சில முயற்சிகள் விடை தருகின்றன.

முதலாவது, ஒருவர் இடைவிடாது நினைவூட்ட வேண்டும். கொழும்பில் 5 முதல் 40 வயது வரையுள்ள, இரண்டோ அதற்கு மேலோ ஆபத்துக் காரணிகள் உடைய 4,672 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், மற்றப் பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் உணவு, தேகாப்பியாசம் பற்றிய அறிவுரை வழங்கப்பட்டது. சுமார் மூன்று ஆண்டுகளின் பின்னர், அடிக்கடி சந்திக்கப்பட்ட பிரிவில் நீரிழிவு, உயர் குருதியமுக்கம் முதலிய கோளாறுகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தோன்றின. ஐந்து வயதுப் பிள்ளையும் இத்தகைய ஆய்வில் சேர்க்கப்படும் நிலை வந்துவிட்டது என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, நினைவூட்டல் கையடக்கத் தொலைபேசியின் வழியாகவும் வரலாம். தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் சேர்ந்த, நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நடத்தல், உணவு பற்றிய குறுஞ்செய்திகள் வாரத்தில் சில தடவைகள் அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு ஏற்பட்டிருந்தது. செலவு மிகச் சிறிது, பயன் பெரிது.

மூன்றாவது, வீடு தேடி வரும் ஒருவரின் அக்கறை. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் குருதியமுக்கமுள்ள 2,645 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. இலங்கையில் இதற்குத் தெரிவு செய்யப்பட்டது நம்மவருக்கு நன்கு பழக்கமான புத்தளம் மாவட்டம். கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் சென்று குருதியமுக்கத்தை அளந்தனர். உணவு, உடலசைவு, மருந்து பற்றி அறிவுரை கூறினர். தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டு முடிவில் வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இவர்களது மேல் அளவு 5 அளவில் கூடுதலாக இறங்கியிருந்தது. பெரிய இயந்திரமோ விலையுயர்ந்த மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

நான்காவது, வருகையே பயனைத் தீர்மானிக்கின்றது. இந்தியாவில் 24 வைத்தியசாலைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் யோகப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுத் திட்டம் சோதிக்கப்பட்டு 2020இல் முடிவு வெளியானது. மூன்று மாதங்களில் 13 வகுப்புகள். திட்டத்தில் சேர்ந்த எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆனால் மீண்டும் நோய் வருவது குறைந்தது என்று உறுதியாகக் கூற முடியவில்லை. பத்து வகுப்புகளுக்கேனும் வந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோதோ, அவர்களிடம் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. ஒழுங்காக வருபவர் ஏனைய விடயங்களிலும் ஒழுங்குடையவராக இருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் பெயரைப் பதிந்துவிட்டு வராதிருப்பவருக்கு எத்திட்டமும் உதவாது என்பது வெளிப்படை.

ஐந்தாவது, புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு முடிந்து வையுங்கள். லண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், அன்றாடம் நிச்சயம் நிகழும் ஒரு செயலின் பின்னர் ஒரு புதிய செயலைச் செய்துவருமாறு கேட்கப்பட்டது. அப்புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற நடுவளவாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு மூன்று வாரத்துக்குள் கைகூடியது, சிலருக்கு எட்டு மாதமும் தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெருந்தீங்கு நேரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அன்றாடம் ஐந்து முறை, குறித்த நேரத்தில், தவறாது நிகழும் ஒரு செயல் நம்மிடம் ஏற்கனவே உண்டு. அதனோடு நடையை இணைத்துக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருப்பது போல் வேறு எவருக்கு இருக்கின்றது? சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலின் சிறப்பை மிம்பரில் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். அதை உடல் நலத்திலும் கடைப்பிடிப்பதே எஞ்சியிருக்கின்றது.

எவ்வாறு தொடங்குவது?

முதற்படி, உங்கள் நிலையை அறிந்துகொள்வது. 2011ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை அமைத்து வந்துள்ளது. 35 வயதைக் கடந்தவர்கள் அங்கு சென்றால் உயரம், நிறை, இடுப்பளவு, குருதியமுக்கம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்து, வரும் பத்தாண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்கான ஆபத்து எவ்வளவு என்று கணித்துக் கூறுவார்கள். உங்களுக்கு அண்மையில் அது எங்கே, எந்த நாளில் நடைபெறுகின்றது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம். உயர் குருதியமுக்கத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்ற நம்பிக்கை அளக்காமல் வரக்கூடாது.

அடுத்து, சிறிதாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மூன்றாம் நான்காம் வாரங்களில் 15 நிமிடம். இவ்வாறு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடத்தை எட்டுவீர்கள். ஐந்து நாளுக்கு 150 நிமிடம். பன்னிரண்டு வாரம் வரை அதில் நில்லுங்கள். அதற்குள் அது உங்கள் நாளின் ஓர் அங்கமாகிவிடும். முதல் நாளிலேயே ஐந்து கிலோமீற்றர் ஓடி முழங்கால் வீங்கி நின்றுவிடுவோர் நமக்கு முன்மாதிரி அல்லர்.

நடப்பதற்கு நம் மண்ணில் இடத்துக்குக் குறைவில்லை. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனியாக் குளத்திலும் காலை வேளையில் குளக்கட்டுக் காற்று இலவசம். ஆயினும் வன்னிக்கே உரிய எச்சரிக்கைகளும் உண்டு. வெயில் ஏறிய பின்னர் நடக்க வேண்டாம், சுபஹுக்குப் பின்னரும் அஸருக்குப் பின்னரும் உகந்த நேரம். யானை நடமாடும் ஊர்களில் இருள் விலகும் வரை தனியே செல்ல வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இடப்பட்ட நிலத்துக்குள்ளோ, துப்புரவு செய்யப்படாத காட்டுப் பாதைக்குள்ளோ கால் வைக்க வேண்டாம். போரில் காலை இழந்த சகோதரர்களும் தேகாப்பியாசத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர். அமர்ந்தபடி கைகளைச் சுழற்றுவதும், நீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவதும், சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்வதும் இருதயத்துக்கு உழைப்பே.

சகோதரிகளின் நிலையைத் தனியாகக் கூற வேண்டும். "வீட்டு வேலையே போதும்" என்று அவர்களிடம் கூறிவிட்டு ஆண்கள் மட்டும் நடக்கச் செல்வது நீதியன்று. மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யப்படும் வேலை கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் நாள் முழுவதும் நின்று களைப்பது வேறு, இருதயம் வலுப்பெறுவது வேறு. வளவைச் சுற்றி வர 50 மீற்றர் எனில் 40 சுற்று 2 கிலோமீற்றர். அயல்வீட்டுச் சகோதரிகள் மூவர் நால்வர் சேர்ந்து ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் கூச்சமும் அச்சமும் அகலும். ஒருவர் வராவிடின் மற்றவர் வாசலில் வந்து அழைப்பார். அந்த அழைப்பே தொடர்ச்சியின் இரகசியம். பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலைகளும் விரும்பினால், விளையாட்டு மைதானத்தில் வாரத்தில் சில மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்கிக் கொடுப்பது கடினமான காரியமன்று.

நோன்பு காலத்தில் நடையை முற்றாக நிறுத்திவிடாமல், நேரத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இஃப்தாருக்குச் சற்று முன்னர் மென்மையாகவோ, இஃப்தாருக்கு இரண்டு மணி நேரத்தின் பின்னரோ நடக்கலாம். மருந்து எடுப்பவர்கள் ரமழானுக்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைச் சந்தித்து மருந்தின் வேளைகளைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுள்ளவருக்கு நோன்பு வேளையில் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தோன்றினாலோ உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்பதே வைத்திய நிபுணர்களின் அறிவுரை.

எப்போது நிறுத்த வேண்டும்?

ஏற்கனவே மாரடைப்பு வந்தவர், நடந்தால் நெஞ்சு இறுகுபவர், இருதய சத்திரசிகிச்சை செய்தவர் ஆகியோர் வைத்தியரின் ஆலோசனையின்றித் தொடங்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கடும் மூச்சிரைப்பு, தலைச்சுற்று ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்றுவிடுங்கள். அதனை வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருந்து உயிரை இழந்தோர் பலர். நீரிழிவுள்ளோருக்கும் பெண்களுக்கும் சில வேளைகளில் வலியே இன்றி, மூச்சிரைப்பும் சோர்வும் மட்டும் தோன்றலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வட மாகாணத்திலும் அச்சேவை உண்டு. அடைபட்ட நாடியைத் திறக்கும் சிகிச்சையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம் என்பதை நினைவில் வைத்து, முதலில் அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இன்னொன்று. நடக்கத் தொடங்கி உடல் இலேசானதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அது பேராபத்து. நடை மருந்துக்குத் துணை. மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அளவுகளைப் பார்த்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு பொறுப்பு

உங்கள் வாப்பாவும் உம்மாவும் தங்களுக்கு வருவதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். வலியை மறைத்தே வாழப் பழகிய தலைமுறை அது. ஆகவே நீங்களே கேட்க வேண்டும். வீட்டு நாட்காட்டியில் அவர்கள் நடந்த நாளுக்கு ஓர் அடையாளம் இடுங்கள். மாதத்தில் ஒருமுறை குருதியமுக்கத்தை அளந்து அருகே எழுதுங்கள். வெளியூரில் இருப்பின் "இன்று நடந்தீர்களா?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அத்தகைய சிறு செய்திகளின் ஆற்றலை மேலே கண்டீர்கள். வீட்டில் இருந்தால் சுபஹுக்கு அவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்வதற்குப் பதிலாகக் கூடவே நடந்து செல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் கூறும் பழைய ஊர்க்கதைகள் வேறெங்கும் உங்களுக்குக் கிடைக்கமாட்டா.

உங்களுக்கும் இதில் பங்குண்டு. உயர்தரப் பரீட்சையை முன்னிட்டு மைதானத்தை விட்டு விலகியவர்களில் பலர் பின்னர் அதன் பக்கம் திரும்புவதேயில்லை. காலை முதல் இரவு வரை பாடசாலை, தனியார் வகுப்பு, பின்னர் தொலைபேசித் திரை. பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரம் கரப்பந்தாட்டத்துக்கோ கிரிக்கெட்டுக்கோ பிள்ளையை விடுவதால் அவனது கல்வி கெட்டுவிடாது. 53 வயதில் வரும் மாரடைப்பின் விதை பதின்ம வயதிலேயே நாடிகளில் விழத் தொடங்குகின்றது. ஆண் பிள்ளைக்குப் போலவே பெண் பிள்ளைக்கும் பொருத்தமான இடத்தில் ஓடி விளையாடும் வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுங்கள்.

சகோதரர்களே, பட்டாணிச்சூரிலும் சாளம்பைக்குளத்திலும் சூடுவெந்தபுலவிலும் நீராவிப்பிட்டியிலும் ஒவ்வொரு பள்ளிவாசல் முன்றலிலும் ஐந்து பேர் கொண்ட ஒரு நடைக்குழு உருவாவதற்கு எவ்வித நிதியும் தேவையில்லை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் வாசலில் நின்று "வாருங்கள், நடப்போம்" என்று அழைக்க ஒருவர் வேண்டும். நாளை வராதவரை வீட்டில் சென்று சுகம் விசாரிக்க இன்னொருவர் வேண்டும். இன்று இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டில் 35 வயதைக் கடந்தவர் யார், கடைசியாக எப்போது அவரது குருதியமுக்கம் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இவ்வாரத்துக்குள் அவரை அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது இயன்ற தூரத்தை நடந்தே வாருங்கள்.

வல்ல இறைவன் நம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லாரோக்கியத்தையும், தொடங்கிய நற்செயலில் நிலைத்திருக்கும் மனவுறுதியையும் அருள்வானாக.